அழுத்தி வைத்த புத்தகம்

சனிக்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்குச் சாரல் வீட்டுக்குள் வந்தது. கம்பெனியில் எதையும் நேரம் போட்டே எழுதிப் பழகியவன் நான். மேற்கு ஜன்னலைச் சாத்த ஓடும்போதும் கண் முதலில் சுவர்க்கடிகாரத்துக்குத்தான் போனது. ஜன்னலுக்குக் கீழே மேஜை. மேஜைமேல் என் மகள் திறந்து வைத்துவிட்டுப் போன பிரெய்ல் கதைப்புத்தகம். அதன் பின்பாதி முழுவதும் நனைந்திருந்தது.

மகளும் அவள் அம்மாவும் தையல் கடைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நான் மட்டும். துண்டால் ஒற்றி எடுத்தேன். ஃபேனுக்கடியில் பிரித்து வைத்தேன். அரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்துவிட்டது, ஆனால் தாள்கள் ஊதிப்போய், அலை அலையாக நெளிந்துகொண்டு நின்றன. கெட்டித் தாள் நனைந்து காய்ந்தால் அப்படித்தான் ஆகும். எனக்கு அந்த அலையைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

என் வேலையைப் பற்றிச் சொன்னால்தான் இது புரியும். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அழுத்தி வண்டிப் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் நான் தர ஆய்வாளர். பத்தொன்பது வருடமாக என் வேலை ஒன்றுதான்: தகட்டின் மேல் கையை ஓட்டுவது. எங்கேயாவது மேடு தட்டினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் தனியே வைப்பது. நெளிந்த தகட்டை இரண்டு கனத்த பலகைகளுக்கு நடுவே கொடுத்து ஒரு நாள் அழுத்தி வைத்தால் நேராகிவிடும். அதை நேராக்கிப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டும்போது ஒரு சின்ன திருப்தி வரும். அந்தத் திருப்தியைத்தான் அன்று நான் தேடினேன்.

ஒவ்வொரு ஈரத் தாளுக்கும் நடுவே செய்தித்தாள் வைத்தேன். புத்தகத்தை மூடி, மேலே மணைப்பலகையைக் கவிழ்த்து, அதன் மேல் பழைய கிரைண்டரின் கல்லை ஏற்றினேன். போதாது என்று இருபத்தைந்து கிலோ அரிசி சிப்பத்தையும் தூக்கி வைத்தேன். கட்டிலுக்குப் பின்னால், யார் காலிலும் படாத மூலையில். வேலை சுத்தமாக இருந்தது. மகள் வந்து கேட்டபோது, "லேசா நனைஞ்சிருச்சு பாப்பா, காய வெச்சிருக்கேன், நாளைக்கு தர்றேன்" என்றேன். அவளும் சரி என்றாள்.

தாளில் மேடாக எழும்பியிருக்கிற அந்தப் புள்ளிகள்தான் எழுத்து என்று எனக்குத் தெரியாதா? தெரியும். அந்த மேடுகளைத்தான் அவள் விரல் படிக்கிறது என்று எத்தனையோ பேருக்கு நானே விளக்கியிருக்கிறேன். அன்று மட்டும் அது மனதில் வரவே இல்லை. நெளிந்த தாள்தான் கண்ணில் பட்டது. கை தானாக வேலையைப் பார்த்துவிட்டது.

*

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கல்லை இறக்கிப் புத்தகத்தை அவள் மடியில் வைத்தேன். புதிதுபோல நேராக இருந்தது. அவள் தான் விட்ட பக்கத்தைத் தேடினாள். இடது கை வரியின் ஆரம்பத்தில், வலது கை முன்னால் ஓடும். அது அவள் வழக்கம். வலது கை ஓடியது. திரும்பி வந்தது. மறுபடி ஓடியது. பக்கத்தைத் திருப்பினாள். அடுத்த பக்கம். அதற்கடுத்தது. பிறகு விரலை விட்டுவிட்டு உள்ளங்கையை விரித்துத் தாள் முழுவதும் வைத்து அழுத்தினாள், காய்ச்சல் இருக்கிறதா என்று நெற்றியில் கை வைத்துப் பார்ப்பதுபோல.

"அப்பா, இது வெறும் பேப்பரு."

"ஈரம் பட்டுச்சு பாப்பா. அத காய..."

"காய வெச்சா எழுத்து எங்க போவும்?"

கல், சிப்பம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவிதான் சொன்னாள்.

"இன்னாங்க, கல்ல தூக்கி வெச்சீங்களா? கம்பெனில தகடு பாத்துப் பாத்து, கண்ல படறதெல்லாம் தட்டையா இருக்கணும் உங்களுக்கு. என் மூக்க மட்டும் எப்படி விட்டு வெச்சிருக்கீங்க?"

வேறு நாளாக இருந்தால் மகள் சிரித்திருப்பாள். அவள் புத்தகத்தை மூடிக் கட்டிலில் வைத்தாள். இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும்.

*

அவளுக்கு ஒன்பது வயது. மூன்று வயதில் பார்வை போனது. அதற்குப் பிறகு உலகத்தில் நடக்கும் எல்லாமே அவளுக்கு எங்கள் வாய் வழியாகத்தான் போயின. ரயில் வந்துவிட்டது, எதிர் வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது, வானம் கறுத்துவிட்டது. நாங்கள் சொல்வோம், அவள் வாங்கிக்கொள்வாள். கதையும் அப்படித்தான். நான் ஷிப்ட் முடித்து வந்து படித்துக் காட்டுவேன். களைப்பாக இருந்தால் நடுவில் பத்து வரி தாண்டிவிடுவேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொள்வேன்.

வாரத்துக்கு ஒரு நாள், புதன்கிழமைகளில், ஸ்கூட்டரில் ஒரு சிறப்பு ஆசிரியை அவள் பள்ளிக்கு வருவார். நாங்கள் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். அவர்தான் இரண்டு வருடம் விடாமல் பிடித்து வைத்துப் பிரெய்ல் சொல்லிக்கொடுத்தார். பாடப்புத்தகம் எப்படியோ வந்துவிடும். கதைப்புத்தகம்தான் கிடைக்காது. சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே விரல் வைத்துப் படிக்கிற மாதிரி தமிழில் கதை எத்தனை இருக்கிறது என்று கேட்டால், டீச்சர் தன் ஸ்கூட்டர் பெட்டியைத் தட்டிக் காட்டுவார். சென்னையில் ஒரு சின்ன நூலகத்திலிருந்து அவர் எடுத்து வருவதுதான் இந்தப் பக்கத்துக் குழந்தைகளுக்கு எல்லாம். அப்படி வந்ததுதான் அந்தக் கழுதைக் கதை. கண்ணால் படிக்கிறவர்களுக்கு மெல்லிய புத்தகமாக இருந்திருக்கும். பிரெய்லில் தலையணை கனத்தில் இரண்டு பாகம். நனைந்தது இரண்டாம் பாகம்.

கதை இதுதான். உப்பு மூட்டை சுமக்கிற ஒரு கழுதை. ஒருநாள் மூட்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் கேட்கிறது. எங்கோ பெரிதாக ஏதோ மூச்சு விடுகிற மாதிரி. உப்பு எங்கிருந்து வருகிறதோ அங்கிருந்துதான் அந்தச் சத்தமும் வருகிறது என்று யாரோ சொல்ல, கழுதை அதைத் தேடிப் புறப்படுகிறது. இதுகூட அப்போது எனக்குத் தெரியாது. ஒரு மத்தியானம் உள்ளறையில் அவள் தனியாகச் சிரிக்கிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன்.

"இன்னா பாப்பா, இன்னா சிரிப்பு?"

"ஒண்ணுமில்லப்பா. கழுத ஒண்ணு சொல்லிச்சு."

"இன்னா சொல்லிச்சு?"

"நீயே படிச்சுக்கோ."

தாளைப் பார்த்தேன். வெள்ளையின் மேல் வெள்ளை. அந்த வீட்டில் அந்த நிமிடம் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். முதல்முறையாக அவளுக்குத் தெரிந்த ஒன்று எங்களுக்குத் தெரியாமல் இருந்தது. கொஞ்சம் வலித்தது. மிச்சமெல்லாம் சந்தோஷம். அந்தச் சிரிப்பின் மேல்தான் நான் கிரைண்டர் கல்லை ஏற்றி வைத்திருந்தேன்.

*

புதன்கிழமை பர்மிஷன் போட்டுவிட்டுப் பள்ளிக்கே போய் டீச்சரிடம் புத்தகத்தை நீட்டினேன். நனையாத முன்பாதியில் புள்ளிகள் தப்பியிருந்தன; ஈரத்தோடு அமுங்கிய கடைசி இருபத்தொரு பக்கங்களும் மழமழவென்று இருந்தன. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கங்களைத் தடவிப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்.

"இதுக்கு ஒரே காப்பிதான் சார். ஒரு அம்மா கையால குத்திக் குடுத்தது. புதுசு வரும், ஆனா பாடப்புத்தகமெல்லாம் முடிச்சப்புறம்தான் லைப்ரரில கதைக்கு வருவாங்க. எப்பன்னு சொல்ல முடியாது."

நான் மன்னிப்புக் கேட்டேன்.

"என்கிட்ட இன்னாத்துக்கு சார்? நம்ம பக்கத்து ஆரணில ஒரு பொண்ணு இருக்கா, ஆறாவது. மொத பாகத்த முடிச்சிட்டு வாராவாரம் என் உயிர எடுக்குறா. ரெண்டாம் பாகம் எங்க, யார் வெச்சிக்கினு இருக்கா, இன்னுமா படிக்கிறான்னு. அவகிட்ட கேளுங்க மன்னிப்பு." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "உங்க பொண்ணு இன்னிக்கு பாடப்புத்தகத்தையும் தொடல. மொபைல்ல போடுங்க மிஸ், கேட்டுக்கிறேன்னா. கேக்கட்டும், தப்பில்ல. ஆனா கை நின்னுட்டா விரல் மறந்துடும் சார். இந்த வயசுல மறந்தா திரும்ப உக்கார வைக்கிறது கஷ்டம்" என்றார்.

விரல் மறந்துவிடும். சிப்காட் ரோட்டில் டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே வண்டி ஓட்டிக்கொண்டு வரும்போது அந்த வார்த்தைதான் ஹெல்மெட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. வீட்டுக்கு வந்தேன். மகள் ஜன்னலோரம் மொபைலைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இன்னொரு கை தொடைக்கு அடியில்.

*

அதற்கு இரண்டு நாள் கழித்து மழை விட்டது. காலை ஏ ஷிப்ட் முடித்து மூன்று மணிக்கு வந்து, மேஜைமேல் அந்தப் புத்தகத்தைத் திறந்து வைத்துச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நாலரை மணி வாக்கில் வெயில் ஜன்னல் வழியாகச் சரிந்து வந்து தாளின் மேல் படுத்தது. அப்போது அவை தெரிந்தன.

புள்ளிகள். எல்லாம் இருந்தன. விரலுக்குத் தட்டாத அளவுக்கு அமுங்கிப்போயிருந்தாலும், ஒவ்வொன்றுக்கும் கடுகளவு நிழல் இருந்தது. வெயில் சாயச் சாய நிழல் கொஞ்சம் நீண்டது. ஒரு வெள்ளைத் தாள் முழுவதும் எறும்பு மாதிரி எழுத்து ஊர்ந்து வெளியே வந்து நின்றது. ஆறு மணிக்கு முன்பே எல்லாம் மறைந்து மறுபடி வெறும் பேப்பர். மொபைல் டார்ச்சைப் படுக்க வைத்தும் பார்த்தேன். அந்த வெளிச்சத்தில் தாளின் நாரெல்லாம் புள்ளியாகத் தெரிந்து குழப்பியது. வெயில்தான் வேண்டும். சாய்ந்த வெயில்.

இப்போது அந்தக் கதையைக் கண்ணால்தான் படிக்க முடியும், விரலால் முடியாது. ஆனால் என் கண்ணுக்கு அந்த எழுத்து தெரியாது.

அடுத்த புதன்கிழமை டீச்சரிடம் எழுத்து அட்டவணை ஒன்றும், பிரெய்ல் சிலேட்டும் குத்தூசியும் வாங்கிக்கொண்டு வந்தேன். சிலேட் என்பது கீல் வைத்த இரட்டைச் சட்டம். தாளை நடுவே கொடுத்து, கட்டம் கட்டமாக இருக்கிற ஓட்டைகளில் ஊசியால் குத்த வேண்டும். ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிக்கு இடம். 'அ' என்றால் ஒரே ஒரு புள்ளி. அதைப் பார்த்ததும் தைரியம் வந்தது. மற்ற எழுத்துகளைப் பார்த்ததும் போய்விட்டது.

கெட்டித் தாளுக்குப் பழைய மாதக் காலண்டர்களை எடுத்தேன். டயர் கடை கொடுத்தது ஒன்று, நகைக்கடை கொடுத்தது ஒன்று. வெள்ளைப் பின்பக்கத்தில் குத்தினால் முன்பக்கத்தில் எழுத்து எழும்பும். முதல் தாளை எடுத்ததுமே மனைவி பறித்துக்கொண்டாள்.

"சாமி மூஞ்சில ஊசி குத்துவீங்களா? கொஞ்சமாவது இது இருக்குதா?" என்று கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு தாளிலும் சாமி படத்தைத் தனியே வெட்டிப் பூஜை அலமாரியில் அடுக்கினாள். தேதிகள் இருக்கிற பாகம் எனக்கு. போதாததற்குத் தான் வேலை பார்க்கிற பேக்கிங் கம்பெனியிலிருந்து பழைய அட்டைத் தாள்கள் வேறு வாங்கி வந்தாள். ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் பக்கம் முடிக்க மூன்று நாள் ஆனது. பெருமையாக டீச்சரிடம் காட்டினேன். அவர் விரலை ஓட்டினார், நின்றார், மறுபடி ஓட்டினார். பிறகு வகுப்பே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

"சார், இத கண்ணாடி முன்னாடி புடிச்சாதான் படிக்க முடியும். பின்னாலேர்ந்து குத்துறீங்க இல்ல? வலப்பக்கத்திலேர்ந்து இடப்பக்கம் வரணும். எழுத்தையும் திருப்பிப் போடணும்."

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

*

அதற்குப் பிறகு வந்த நாட்களை இப்போது நினைத்தால் தூக்கத்தில் நடந்ததுபோலத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு மணி நேர வெயில், அதில் ஒரு பக்கம். மேகம் மூடினால் அதுவும் இல்லை. நிழலைப் பார்த்து எழுத்தைப் பென்சிலால் நோட்டில் எழுதிக்கொள்வேன். வெயில் போன பிறகு உட்கார்ந்து அதைக் குத்துவேன். டக், டக், டக்.

அவ்வளவு மெதுவாக நான் எதையும் படித்ததில்லை. ஒரு எழுத்து வரும். அடுத்தது வரும். பனிக்குள் யாரோ தூரத்தில் வருவதுபோல ஒரு வார்த்தை கொஞ்சம் கொஞ்சமாக உருவம் எடுக்கும். 'ம', 'ண', பிறகு 'ல்'. மணல். அந்த இடத்தில் எனக்குக் கால் சுட்டது. கழுதை ஒரு மணல்மேட்டின் அடியில் வந்து நிற்கிறது. அதற்கப்பால்தான் அந்தச் சத்தம். மேட்டில் ஏற அதற்கு ஒரு பக்கம் ஆனது, எனக்கு இரண்டு நாள். அந்த இரண்டு நாளும் கம்பெனியில் கம்ப்ரஸர் மூச்சு விடுகிற சத்தம் எனக்கு அந்தச் சத்தமாகவே கேட்டது. நெளிந்த தகடு ஒன்றைக் கையில் எடுத்தவன் அதை அப்படியே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். மேலே டியூப்லைட் வெளிச்சம் அலை மாதிரி ஓடியது. "இன்னா சார், தகடுல மொகம் பாக்குறியா?" என்று லைனில் ஒருவன் கேட்டதும்தான் சிவப்பு ஸ்டிக்கரைத் தேடினேன்.

மகள் அறைக்குள்தான் இருப்பாள். மொபைல் ஓடிக்கொண்டிருக்கும். நான் என்ன செய்கிறேன் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. ஊசி சத்தம் அவளுக்குத் தெரியாதா? அவள் என்னவென்று கேட்கவில்லை. நான் குத்தத் தொடங்கினால் மொபைலின் சத்தம் மட்டும் கொஞ்சம் குறையும்.

ஒரு நாள் ஒரு வார்த்தையில் மாட்டிக்கொண்டேன். முன் எழுத்துகள் அழிந்திருந்தன. எனக்கு நானே பேசிக்கொள்வதுபோலச் சத்தமாகச் சொன்னேன். "கழுத முதுகுல இன்னாமோ உக்காந்துக்கினு இருக்குது. கடைசி எழுத்து 'ரை'. இன்னாவா இருக்கும்? குதுரையா?"

அறைக்குள் மொபைலின் சத்தம் குறைந்தது.

"கழுத மேல குதுர உக்காருமாப்பா?" என்றாள் எரிச்சலாக. "அது நாரை. மொத பாகத்துலேர்ந்தே கூட வருது. கால்ல அடி."

"ஓ."

"அதுகூட தெரியாம இன்னாத்த எழுதுற?"

"நீ வந்து கொஞ்சம் தொட்டுப் பாரேன். சரியா எழும்பிருக்கான்னு."

மொபைல் சத்தம் கூடியது. ஆனால் அதன் பிறகு நான் தினமும் ஏதாவது ஒரு தப்பைச் சத்தமாகச் சொல்வேன், அவள் அங்கிருந்தே திருத்துவாள். "உன் விரல நீயே வெச்சுப் பாக்க வேண்டியதுதான?" என்று ஒருமுறை கேட்டாள். வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை என்றேன். "பத்தொம்பது வருஷமா இரும்பு தடவிக்கினு இருக்க. உன் விரலு செருப்பு போட்டுக்கினு இருக்குதுப்பா." அவள் அம்மா அடுப்படியிலிருந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் கைகள் மட்டும் வெளியே வரவில்லை. ஒவ்வொரு நாளும் அதைத்தான் முதலில் பார்ப்பேன். தொடைக்கு அடியில், சிறைப்பட்டதுபோல, அவளுடைய இரண்டு கைகள்.

*

பத்தொன்பதாவது பக்கத்தில் கழுதை மேட்டின் மேல் ஏறிவிட்டது. கீழே இறங்குகிறது. முன்னால், தரை முடிகிற இடத்தில், தரை இல்லாத ஏதோ ஒன்று. கழுதை கரையில் நிற்கிறது.

அடுத்த ஆறு வரிகள் இல்லை. மழை அதிகம் தேங்கியது அந்தப் பக்கத்தில்தான். நான் வைத்த செய்தித்தாள் அங்கே ஒட்டிக்கொண்டு, உரித்தபோது தாளின் தோலையும் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்தது செய்தித்தாளின் மை மட்டும். ஏதோ வீட்டுமனை விளம்பரம், இடம் வலம் மாறி. மூன்று நாள் வெயிலில் வைத்து எல்லாப் பக்கமும் சாய்த்துப் பார்த்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. ஏழாவது வரியில் கதை மறுபடி தொடங்குகிறது. அப்போது கழுதையின் முகம் நனைந்திருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது? குனிந்து குடித்ததா? உப்புக் கரித்ததும் துள்ளியதா? அலை வந்து அடித்ததா? நாரை என்ன சொன்னது? அந்த ஆறு வரிக்காகத்தான் கழுதை இரண்டு பாகம் நடந்து வந்தது. நானே ஏதாவது எழுதி நிரப்பிவிடலாம் என்று தோன்றியது. முன்பெல்லாம் பத்து வரி தாண்டியதைப்போல, இங்கே ஆறு வரி சேர்த்தால் யாருக்குத் தெரியும்? ஊசியைக்கூட எடுத்துவிட்டேன். கை வரவில்லை.

வாயால் சொல்ல முடியாமல் ஒரு மாதத்துக்கு மேலாக வைத்திருந்ததை அந்த இடத்தில் குத்தினேன். காலண்டர் தாளில், ஏதோ ஒரு மாதத்தின் மூன்றாவது வாரத்தின் மேல். 'பாப்பா, இங்கே ஆறு வரி இருந்தது. நான் கல் வைத்ததில் போய்விட்டது. எழுத்தைத்தான் அழுத்துகிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. என்னை மன்னித்துவிடு. அப்பா.' சரியாக ஆறு வரி வந்தது. எழுத்துப் பிழை எத்தனை என்று எனக்குத் தெரியாது.

இருபத்தொரு பக்கமும் முடிந்து, டீச்சர் பழைய புத்தகத்தின் நல்ல பாதியோடு சேர்த்து ஓட்டை போட்டுக் கயிறு கோத்துக் கொடுத்தார். மகளின் பக்கத்தில் வைத்தேன். "பாப்பா, முடிச்சிட்டேன்" என்றேன். "ம்" என்றாள். ஒரு நாள் போனது. இரண்டு நாள். நான்கு நாள். புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது. டீச்சரிடம் போனில் சொன்னேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, அட்ரஸ் அனுப்புங்க" என்றார். எதற்கென்று சொல்லவில்லை.

*

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு வாசலில் ஆட்டோ நின்றது. ஒரு பெண்மணி இறங்கினார். அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, இரட்டைப் பின்னல், முழுப் பாவாடை, கையில் மடக்குக் கோலுடன் ஒரு பெண். பன்னிரண்டு வயது இருக்கும்.

"ஆரணிலேர்ந்து வரோம்ணா" என்றார் அந்த அம்மா. "புதுவாயல்ல பஸ் மாற நின்னு நின்னு லேட்டாயிடுச்சு. இவ ஒரே பேஜாரு. டீச்சர் சொன்னதுலேர்ந்து தூங்கவே விடல."

"புக்கு எங்க?" என்றது அந்தப் பெண்.

"வந்ததும் வராததுமா..."

"அதுக்குதானம்மா வந்தோம்? டீ குடிக்கவா வந்தோம்?"

என் மனைவி சிரித்துக்கொண்டே அவளைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய், என் மகளின் பக்கத்தில் கட்டிலில் உட்கார வைத்தாள். உட்கார்ந்ததும் அந்தப் பெண், "நீதான் எனக்கு முன்னாடி வெச்சிக்கினு இருந்தவளா? எத்தன மாசம்?" என்றாள். என் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்தது. அவளிடம் அப்படி உரிமையாக யாரும் சண்டை போட்டதில்லை.

புத்தகத்தின் நல்ல பாதியை ஆரணிப் பெண் அங்கேயே, அப்போதே படிக்கத் தொடங்கிவிட்டாள். பெரியவர்கள் நாங்கள் டீ குடித்தோம், சாப்பிட்டோம், வெயில் மேற்குப் பக்கம் வந்தது. அவள் எழுந்திருக்கவே இல்லை. நடுநடுவே சிரிப்பாள். "ஏ, நாரை பேசுறது செம இல்ல?" என்பாள். என் மகள் "ம்" என்பாள். பிறகு, "அடுத்த பக்கத்துல இன்னும் சொல்லும் பாரு" என்றாள். பிறகு என் காலண்டர் தாள்கள் வந்தன.

"இது யாரு குத்துனது? கோணல் மாணலா."

"எங்கப்பா" என்றாள் என் மகள்.

"ஸ்பெல்லிங் தெரியாதா உங்கப்பாவுக்கு?"

"கண்ல பாத்து எழுதிச்சு. அதான்."

நான் வாசல்படியில் நின்றேன். அந்தப் பெண்ணின் விரல்கள் மணல்மேட்டில் ஏறின, இறங்கின. பத்தொன்பதாவது பக்கம். கரை. அங்கே நின்றன. ஒரு வரி மெதுவாக நகர்ந்தன. சட்டென்று சூடு பட்டதுபோல விரலை எடுத்துக்கொண்டாள். புத்தகத்தைத் திருப்பி, என் மகளின் மடியில் வைத்தாள். தொடைக்கு அடியிலிருந்த அவள் வலது கையை இழுத்து வெளியே எடுத்து, அந்த இடத்தில் கொண்டுபோய் வைத்தாள்.

"இது கத இல்ல. உங்கப்பா உனக்கு எழுதினது. ஒரு வரி தெரியாம படிச்சிட்டேன். மத்தவங்களுக்கு வந்த லெட்டர நான் படிக்க மாட்டேன். நீயே படி" என்றாள். என் மகளின் விரல் அசையும்வரை காத்திருந்தாள். பிறகு சொன்னாள்: "படிச்சிட்டு சீக்கிரம் குடு. ஆறு மணி பஸ்ஸு. கழுத இன்னா ஆச்சுன்னு எனக்குத் தெரியணும்."